சமாதானம் மார்க் சமையல் மணி

பிப்ரவரி 3

அன்புள்ள தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதுவது. நானும் அண்ணியும் நலம். அவளுடைய முழங்கால் மட்டும் நலமில்லை. அது நலமாயிருந்த காலம் எங்கள் இருவருக்குமே நினைவில்லாததால் அதைச் சேர்க்கவில்லை. உன் உடம்பு எப்படி இருக்கிறது? மாப்பிள்ளைக்கு இடது காதாவது கொஞ்சம் கேட்கிறதா? பீரங்கிப் படையிலிருந்து அவரை விடுவித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய். ஆள் முழுசாக வந்ததே போதும் என்றாள் அண்ணி. காதைப் பற்றி அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

எங்கள் தொழிற்சாலையிலும் சண்டை முடிந்துவிட்டது. போன திங்கட்கிழமை மூன்றாம் ஷெட்டில் மூக்கு செய்வதை நிறுத்திவிட்டார்கள். நீ அமைச்சகத்தில் இதை ஏதோ நீளமான பெயரில் டைப் அடித்திருப்பாய். எங்களுக்கு அது மூக்குதான். பீரங்கிக் குண்டின் நுனியில் திருகுகிற சின்னக் கடிகாரம். சுட்டதும் ஓட ஆரம்பிக்கும், வைத்த விநாடி வந்ததும் குண்டை வெடிக்க வைக்கும். இருபத்தாறு வருஷமாக அதைச் சோதித்து அனுப்புவது என் வேலை.

மாற்று உற்பத்தி வாரியத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். மரப்பெட்டி மேல் ஏறி நின்று முக்கால் மணி நேரம் பேசினார். அதில் மாற்றம் என்ற சொல் நாற்பத்திரண்டு தரம் வந்தது என்று ஸ்பிரிங்கக்கா சொன்னாள். எங்களுக்கு ஸ்பிரிங் சுற்றித் தருகிறவள், சுற்று எண்ணி எண்ணி அவளுக்கு எல்லாவற்றையும் எண்ணுகிற பழக்கம். அன்றிலிருந்து அந்த அதிகாரிக்கு மாற்றம் என்றே பேர். "மாற்றம் இன்னிக்கு லீவு", "மாற்றம் கேன்டீன்ல உக்காந்திருக்கு" என்கிறார்கள்.

அவர் சொன்னதன் சாரம் இது. அதே ஷெட், அதே மெஷின், அதே ஆட்கள், இனிமேல் சமையல் மணி. அடுப்பில் எதையாவது வைத்துவிட்டுப் பத்து நிமிஷம் என்று திருகினால் பத்தாவது நிமிஷம் மணியடிக்கும். பெயரும் வைத்துவிட்டார்கள்: சமாதானம் மார்க் சமையல் மணி.

முதல் மணி வெள்ளிக்கிழமை தயாரானது. என் மேஜையில் வைத்து மூன்று நிமிஷம் திருகினேன். எட்டுப் பேர் சுற்றி நின்றோம். மூன்றாவது நிமிஷம் நெருங்கியதும், பழக்கதோஷம், எல்லாரும் இரண்டடி பின்னால் போனோம். மணி அடித்தது. அடித்துவிட்டு மேஜை மேலேயே இருந்தது.

நான் பார்த்து அனுப்பிய ஒன்று தன் வேலையை முடித்த பிறகும் என் முன்னால் இருப்பதை அன்றுதான் பார்த்தேன். இதைப் பெரிதாக எழுதவில்லை. ஓய்வு பெற இன்னும் நான்கு வருஷம் இருக்கிறது. அந்த நான்கையும் இதிலேயே கழித்துவிட்டுப் போனால் போதும். திரும்ப மூக்குக்குப் போ என்றால் என்னால் முடியாது.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அண்ணன்

பிப்ரவரி 19

அன்புள்ள அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் சௌக்கியம். எல்லாரும் என்றால் நாங்கள் இரண்டு பேர். அண்ணியின் முழங்காலையும் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

ஒரு திருத்தம். சண்டை நின்றிருக்கிறது. முடிந்துவிட்டது என்று இங்கே யாரும் எழுதுவதில்லை, கைதவறிக்கூட.

எங்கள் அலுவலகத்தின் பலகையை மாற்றிவிட்டார்கள். தளவாடக் கொள்முதல் மூன்றாம் பிரிவு இப்போது மக்கள் பயன்பாட்டுப் பொருள் மூன்றாம் பிரிவு. அதே மேஜை, அதே ஆட்கள். பழைய பலகையைத் தூக்கிப் போடாமல் அலமாரிக்குப் பின்னால் சாய்த்து வைத்திருக்கிறார்கள். "எதுக்கும் இருக்கட்டும்" என்றார் பிரிவுத் தலைவர்.

உங்கள் மாப்பிள்ளைக்கு மறுவாழ்வு அலுவலகம் மூலம் வேலை கொடுத்துவிட்டார்கள். விண்ணப்பத்தில் "உத்தரவுகளை எதன் மூலம் பெற்றீர்" என்று ஒரு கேள்வி. தொலைபேசி மூலம் என்று எழுதினார். அனுபவம் உள்ளவர் என்று டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்பிவிட்டார்கள். "எனக்குக் காது கேக்காது சார்" என்று இவர் சொல்லியிருக்கிறார். "அதான் ஹெட்போன் தர்றோமே" என்றாராம் அந்த அதிகாரி.

உங்கள் ஷெட் பற்றிய கோப்பு என் மேஜைக்குத்தான் வருகிறது. செப்டம்பரில் ஆய்வு. அதற்குள் சமையல் மணி தன் செலவைத் தானே சம்பாதித்தால் ஷெட் அப்படியே இருக்கும். இல்லாவிட்டால் பழையபடி மூக்கு. இதை நான் சொன்னதாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

அன்புடன்,
தங்கச்சி

மச்சான், வணக்கம். மூன்று நாளாக டெலிபோன் ஆபீஸ் போகிறேன். கூப்பிடுகிறவர்கள் எல்லாரும் ரொம்ப அமைதியானவர்களாக இருக்கிறார்கள். — மாப்பிள்ளை

மார்ச் 21

அன்புள்ள தங்கச்சிக்கு,

நலம். நீங்களும் நலமாயிருக்க வேண்டும். மாப்பிள்ளையின் வரியை ஷெட்டில் படித்துக் காட்டினேன். ஸ்பிரிங்கக்கா சிரித்து முடிக்க ஒரு டீ ஆறிவிட்டது.

இனி சிரிக்க முடியாத செய்தி. ஆறாயிரம் மணி கடைகளுக்குப் போனது. இரண்டாவது வாரம் ஒரு ஹாஸ்டல் சமையல்காரரிடமிருந்து கடிதம் வந்தது. அப்படியே எழுதுகிறேன். "உங்கள் மணி முதல் நாள் மிகச் சரியாக அடித்தது. இரண்டாம் நாள் அடிக்கவில்லை. அதன்பின் அடிக்கவே இல்லை. பணத்தைத் திருப்பித் தரவும், அல்லது நேரமானதும் கூப்பிட ஓர் ஆளை அனுப்பவும்."

மேனேஜர் அதை எல்லாருக்கும் படித்துக் காட்டினார். தொழிற்சாலை தொடங்கியதிலிருந்து வந்த முதல் புகார் அது. எங்கள் பொருள் யாரிடம் போய்ச் சேர்ந்ததோ அவர்கள் இதுவரை புகார் எழுதியதில்லை. எழுதும் நிலையில் இருந்ததில்லை. புகார் என்று ஒரு கோப்பே இல்லாததால் அந்தக் கடிதத்தை 'இதர' என்ற கோப்பில் வைத்தார்கள்.

நான் கிடங்கிலிருந்து ஐம்பது மணி எடுத்து வந்து ஓட்டிப் பார்த்தேன். ஐம்பதும் அடித்தன, விநாடி பிசகவில்லை. மறுபடி திருகினேன். ஒன்பது அடித்தன.

"நாம எப்பவாவது ரெண்டாவது தரம் ஓட்டிப் பாத்திருக்கோமா?" என்று கேட்டேன்.

"எதுக்கு ஓட்டணும்?" என்றாள் ஸ்பிரிங்கக்கா. "போனது திரும்பி வந்தாத்தானே."

"இது திரும்பி வருதே."

"அதை என்கிட்ட யாரு சொன்னா? ஒரே மூச்சுல சக்தி மொத்தத்தையும் கொடுத்துடற மாதிரி சுத்துன்னாங்க. முப்பது வருஷமா சுத்தறேன். அடுத்த நாளைக்கு மிச்சம் வைன்னு ஒருத்தரும் சொல்லல."

அவள்மேல் தப்பில்லை. என் சோதனைத் தாளை எடுத்துப் பார்த்தேன். பதினான்கு சோதனை. கடைசிக் கட்டத்தில் 'ஓடியது: ஆம் / இல்லை'. ஒரே ஒரு கட்டம். பக்கத்தில் இன்னொன்று போட இத்தனை வருஷத்தில் யாருக்கும் தோன்றவில்லை. சோதிக்கிறவன் நான், எனக்கும் தோன்றவில்லை.

அண்ணி வீட்டில் நம் மணியை முட்டைக்கு வைத்தாள். "முதல் முட்டைக்கு அடிச்சுது. இப்ப சும்மா அழகுக்கு வெச்சிருக்கேன்" என்றாள்.

செப்டம்பருக்கு ஆறு மாதம் இருக்கிறது.

அன்புடன்,
அண்ணன்

ஏப்ரல் 6

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் நலம். உங்கள் தொழிற்சாலையின் அறிக்கை வந்து சேர்ந்தது. பொருள் செயலிழந்தால் நிரப்ப எங்களிடம் ஒரே ஒரு படிவம்தான் உண்டு, பழையது. அதில் ஏழாவது கேள்வி, "செயலிழந்தபோது இலக்கு எவ்வளவு தொலைவில் இருந்தது?" வெறுமையாக விட்டேன். வெறுமையாக விடக் கூடாது என்று திருப்பி அனுப்பினார்கள். "அடுப்பிலிருந்து ஓரடி" என்று எழுதினேன். ஏற்றுக்கொள்ளப்பட்டது.

மணி நின்றுபோவது இங்கே பெரிய பிரச்சினை இல்லை, அண்ணா. விலைதான் பிரச்சினை. கடையில் நம் மணிக்குப் பக்கத்திலேயே இன்னொரு மணி இருக்கிறது, நம் விலையில் மூன்றில் ஒரு பங்கு. மூக்கு செய்தபோது உங்களுக்கு என்ன செலவானதோ அதைக் கொடுத்து, அதற்கு மேல் பத்துக்கு ஒன்று லாபமாகச் சேர்த்தும் கொடுத்தோம். செலவு ஏறினால் லாபமும் ஏறும். அப்படி வளர்ந்த தொழிற்சாலை அது. சிக்கனம் என்பது அங்கே நஷ்டம். கடைக்கு வருகிறவர்கள் அப்படியா? உங்களுக்கு என்ன செலவாச்சு, பாவம், இன்னும் கொஞ்சம் வெச்சுக்கோங்க என்று யார் சொல்வார்கள்?

ஆகவே இரண்டாவது தரமும் ஓட வேண்டும், மூன்றில் ஒரு பங்கு விலையில் ஓட வேண்டும். நீங்கள் செய்துவிடுவீர்கள். செய்துவிட்டு எனக்கு எழுதுங்கள், கோப்பில் முதல் பக்கத்தில் வைக்கிறேன்.

அன்புடன்,
தங்கச்சி

மச்சான், டெலிபோன் வேலையை விட்டுவிட்டேன். இப்போது பார்சல் ஆபீஸ். பார்சல் எதுவும் கேட்பதில்லை, எனக்கும் கேட்க வேண்டியதில்லை. இருவருக்கும் ஒத்துப்போகிறது. — மாப்பிள்ளை

மே 18

அன்புள்ள தங்கச்சிக்கு,

நலம். உன்னிடமிருந்து ஒரு மாதத்துக்கு மேலாகக் கடிதம் இல்லை. வேலை அதிகம் என்று நினைத்துக்கொள்கிறேன்.

மணி ஓடுகிறது. ஸ்பிரிங்கக்கா கம்பியை மாற்றி, சுற்றைத் தளர்த்தி, அடுத்த நாளைக்கு மிச்சம் வைக்கக் கற்றுக்கொண்டாள். நான் இரண்டாவது சக்கரத்தின் பல்லைத் தடிமனாக்கினேன். மூக்கில் அந்தப் பல் காகிதம் போல இருக்கும், தொண்ணூறு விநாடிக்கு அது போதும். நாற்பது மணிகளை ஒரு ரேக்கில் அடுக்கி நாள் முழுக்க ஓட்டுகிறோம். ஷெட்டில் எப்போதும் எங்கேயாவது ஒன்று அடித்துக்கொண்டே இருக்கிறது. முந்நூறு தரம் தாண்டிவிட்டது. விற்ற ஆறாயிரத்தில் ஐயாயிரத்துச் சொச்சத்தைத் திரும்ப வாங்கிச் சரிசெய்து கொடுத்தோம்.

அடுத்தது விலை. பதினான்கு சோதனைகளுக்குத்தான் பாதிச் செலவு போகிறது என்றார்கள். தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். உப்புக் காற்றில் ஓர் இரவு வைப்பது: கோடு போட்டு அடித்தேன். பீரங்கி வாயிலிருந்து கிளம்புகிற அதிர்ச்சியைத் தாங்குகிறதா: யாரும் சமையல் மணியைச் சுடப்போவதில்லை, அடித்தேன். பூட்டு விலகி நேரத்துக்கு முன்னால் வேலை செய்யாமல் இருக்கிறதா: மணி ஒரு விநாடி முன்னால் அடித்தால் யார் சாகப்போகிறார்கள் என்று அதையும் அடித்தேன். பதினொன்று போய் மூன்று மிச்சம். ஒவ்வொன்றும் நானே சண்டை போட்டுச் சேர்த்த சோதனை. என் கையாலேயே கோடு போட்டது ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. விலை இறங்கிவிட்டது. கடையில் பக்கத்தில் இருக்கிற அந்த மணியைவிட இப்போது கொஞ்சம்தான் அதிகம்.

மாற்றம் அந்தத் தாளை வாங்கிப் பார்த்து, "இதுதான் சார் மாற்றம்" என்றார். நாற்பத்து மூன்று என்று ஸ்பிரிங்கக்கா பின்னாலிருந்து எண்ணினாள். தாளை அமைச்சகத்துக்கு அனுப்பியிருக்கிறார். உன் மேஜைக்கு வரும்.

உடனே பதில் போடு.

அன்புடன்,
அண்ணன்

ஜூன் 30

அன்புள்ள அண்ணனுக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவும். இங்கே மழை. நீங்கள் எழுதியதெல்லாம் படித்தேன், ரொம்ப சந்தோஷம். தாளும் வந்து சேர்ந்தது. எல்லாரும் பாராட்டினார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இவ்வளவு அலைய வேண்டாம். விருப்ப ஓய்வுக்கு இருபத்தைந்து வருஷம் போதும் என்று ஒரு விதி இருக்கிறது, உங்களுக்கு இருபத்தாறு ஆகிறது. சும்மா நினைவுக்கு வந்தது, எழுதினேன்.

மழை விட்டுவிட்டு மறுபடி பிடித்துக்கொள்கிறது. துணி காய்வதில்லை. அவர் வெளியே போயிருக்கிறார், வரும்வரை காத்திருந்தால் தபால் போய்விடும், அதனால் இதோடு முடிக்கிறேன். ஜன்னல் வழியாக இன்னும் மழை தெரிகிறது.

அன்புடன்,
தங்கச்சி

ஜூலை 13

அன்புள்ள தங்கச்சிக்கு,

அரைப் பக்கக் கடிதத்தில் மூன்று இடத்தில் மழை பெய்கிறது. சின்ன வயதில் கண்ணாடிக் கூஜாவை உடைத்துவிட்டு நீ வெயிலைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினாய். என்ன உடைந்தது?

நல்ல செய்தி சொல்கிறேன். ரேக்கில் இருக்கிற மணிகள் மூவாயிரம் தரம் தாண்டிவிட்டன. கடைக்காரர்கள் சங்கம் இருபதாயிரம் கேட்டிருக்கிறது. அந்த ஹாஸ்டல் சமையல்காரர் மறுபடி எழுதினார்: "இப்போது தினமும் அடிக்கிறது. ஆனால் ஆளை அனுப்பியிருந்தால் காய்கறியும் நறுக்கியிருப்பார்." இதையும் 'இதர' கோப்பில் வைத்தோம்.

செப்டம்பர் ஆய்வுக்கு நாங்கள் தயார். களைப்பாக இருக்கிறது, ஆனால் நல்ல களைப்பு. மூக்கு செய்த காலத்தில் வீட்டுக்கு வந்தால் கையைக் கழுவிக்கொண்டே இருப்பேன் என்று அண்ணி சொல்வாள். இப்போது கழுவாமலே சாப்பிட உட்கார்ந்துவிடுகிறேன் என்று திட்டுகிறாள்.

மாப்பிள்ளை ஏன் இந்தத் தடவை வரி எழுதவில்லை? விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
அண்ணன்

ஆகஸ்ட் 11

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்கள் கேட்டதற்கு நேராகவே எழுதிவிடுகிறேன்.

செப்டம்பர் ஆய்வு கிடையாது. மூன்றாம் ஷெட்டில் அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து மூக்கு. எல்லைப் பக்கம் மறுபடி ஆரம்பித்துவிட்டது, இன்னும் பேப்பரில் வரவில்லை. உத்தரவு மே மாதக் கடைசியிலேயே வந்தது. டைப் அடித்தது நான்தான். கீழே என் பெயரின் முதலெழுத்து இருக்கும், பார்க்காதீர்கள்.

மணி ஓடவில்லை என்பதற்காக இல்லை. ஓடுகிறது, விற்கிறது, லாபம் வருகிறது என்று எல்லாம் கோப்பில் இருக்கிறது. நானே முதல் பக்கத்தில் வைத்தேன். "லாபம் வரும், வராமலும் போகும். மூக்குக்கு நாமே விலை சொல்லி நாமே வாங்கிக்கிறோம், அதுல நஷ்டமே கிடையாது" என்றார் பிரிவுத் தலைவர். அலமாரிக்குப் பின்னாலிருந்து பலகையை எடுத்து மாட்டிவிட்டார்கள். தூசிகூடத் தட்டவில்லை.

உங்கள் தடித்த சக்கரம் அவர்களுக்குப் பிடித்திருக்கிறது, மூக்கில் அதைப் போடப் போகிறார்கள். மூவாயிரம் தரம் ஓடக்கூடியது, தொண்ணூறு விநாடிக்கு. சுருக்கிய சோதனைத் தாளுக்கும் நல்ல பேர். சோதனை ஆட்களில் மூன்றில் இரண்டு பங்கை எடுத்துவிடலாமாம்.

இனி நான் சொல்வதைக் கேளுங்கள். மணிப் பெட்டிக்குள் ஓர் உத்தரவாதச் சீட்டு வைத்தோமே, அதன் வாசகம் எங்கள் பிரிவு எழுதியது. நாங்கள் இதற்கு முன் உத்தரவாதம் எழுதியதில்லை. மூக்கு கிடங்கில் பத்து வருஷம் கெடாது என்று ஒரு பழைய வாசகம் இருந்தது, யாரோ அதையே எடுத்துப் போட்டிருக்கிறார்கள். ஆகவே வாங்கிய ஒவ்வொருவருக்கும் அமைச்சகம் பத்து வருஷத்துக்குப் பொறுப்பு. சட்டப் பிரிவு பார்த்துவிட்டு, மீற முடியாது, தொழிற்சாலையில் புகார்ப் பிரிவு ஒன்று இருந்தே ஆக வேண்டும், ஓர் ஆள் போதும் என்று எழுதிவிட்டது. அந்த ஓர் ஆளின் பெயர் என்ற இடத்தில் உங்கள் பெயரை எழுதி மேலே அனுப்பி, கையெழுத்தும் வாங்கிவிட்டேன். வாசகத்தை எடுத்துப் போட்டது யார் என்று விசாரித்தார்கள். மூன்றாம் பிரிவில் யாரோ என்று தெரியவந்தது.

மறுக்காமல் போய் உட்காருங்கள். நான்கு வருஷம் போய்விடும். நீங்கள் மூக்கைத் தொட வேண்டாம்.

அவர் சௌக்கியம்.

அன்புடன்,
தங்கச்சி

செப்டம்பர் 4

அன்புள்ள தங்கச்சிக்கு,

நலம். நீ சொன்னபடி போன மாதமே உட்கார்ந்துவிட்டேன்.

கேட்டுக்குப் பக்கத்தில், முன்பு சைக்கிள் சாமான் வைத்திருந்த அறை. ஒரு மேஜை, ஒரு நாற்காலி, வருகிறவர்களுக்கு ஒரு பெஞ்சு. திருப்புளி, சாமணம், எண்ணெய்க் குப்பி. கதவில் புகார்ப் பிரிவு என்று சுண்ணாம்புக் கட்டியால் எழுதியிருக்கிறார்கள். ஸ்பிரிங்கக்காவுக்குப் பழைய கம்பியைக் கொடுத்துப் பழைய சுற்றைச் சுற்றச் சொல்லிவிட்டார்கள். மத்தியானம் வந்து பெஞ்சில் உட்காருகிறாள். "உனக்கென்ன, பெரிய மனுஷன். ஒருத்தரும் குறை சொல்லாத குறை கேக்கிற ஆபீஸ்" என்றாள். "பொறாமையா?" என்றேன். "ஆமா" என்றாள்.

வாரத்துக்கு மூன்று பேர் வந்தால் அதிகம். நேற்று ஓர் அம்மா மணியைக் கொண்டுவந்து, ரொம்பச் சத்தமாக அடிக்கிறது, வீட்டில் குழந்தை எழுந்துவிடுகிறது என்றார். உள்ளே ஒரு துணித் துண்டு வைத்துக் கொடுத்தேன். இந்தக் கையால் இப்படி ஒரு வேலை செய்வேன் என்று நினைத்ததில்லை.

நீ எனக்கு என்ன செய்திருக்கிறாய் என்று தெரிகிறது. நன்றி என்று எழுதினால் திட்டுவாய்.

"அவர் சௌக்கியம்" என்று இரண்டே சொல் எழுதியிருக்கிறாய். இரண்டு கடிதமாக அவர் கைப்பட ஒரு வரியும் இல்லை. பார்சல் ஆபீசில் அப்படி என்ன வேலை? ஒரு வரி போடச் சொல்.

அன்புடன்,
அண்ணன்

செப்டம்பர் 19
படை முகாம்

அன்புள்ள மச்சானுக்கு,

மாப்பிள்ளை எழுதுவது. நலம். நீங்களும் அக்காவும் நலமா? உங்கள் கடிதத்தை அவள் இங்கே அனுப்பவில்லை. நீங்கள் விசாரித்ததாக மட்டும் எழுதியிருந்தாள், அதனால் நானே எழுதி, தணிக்கைக்குப் போகாமல் லீவில் ஊருக்குப் போகிற ஒருவனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

ஜூன் கடைசியில் மறுபடி கூப்பிட்டார்கள் என்று சொல்லியிருப்பாள். மருத்துவப் பரிசோதனையில் டாக்டர் என் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். "பீரங்கிக்குப் போனா எப்படியும் காது போகும். இவருக்குப் போறதுக்கு ஒண்ணும் மிச்சமில்ல. தகுதி" என்று எழுதிவிட்டார். அவர் உதட்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். ஜூலையிலிருந்து இங்கேதான் இருக்கிறேன். சாப்பாடு பரவாயில்லை.

நாலாவது பீரங்கியில் ஆறு பேர். நான்தான் மூத்தவன். போன வாரம் புது மூக்குப் பெட்டிகள் வந்தன. பக்கத்துப் பீரங்கியில் இரண்டு மூக்கு அவசரப்பட்டுவிட்டன, குழாயைத் தாண்டியதும் வெடித்தன. யாருக்கும் ஒன்றுமில்லை, ஒருவனுக்குத் தொப்பி போனது. எங்கள் ஆட்கள் பயந்துவிட்டார்கள். நான்தான் தைரியம் சொன்னேன். "என் மச்சான் கை படாம அங்கேருந்து ஒண்ணும் வெளிய வராது. இருபத்தாறு வருஷ சர்வீஸ். கண்ணை மூடிக்கிட்டுச் சுடுங்கடா" என்றேன். அப்புறம் சரியாகிவிட்டார்கள்.

அவளுக்கு அடிக்கடி எழுதுங்கள். தனியாக இருக்கிறாள்.

இப்படிக்கு,
மாப்பிள்ளை

செப்டம்பர் 28

அன்புள்ள தங்கச்சிக்கு,

நானும் அண்ணியும் நலம். மாப்பிள்ளையின் கடிதம் வந்தது. நீ ஏன் சொல்லவில்லை என்று கேட்கப்போவதில்லை. சொல்லியிருந்தால் நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்க மாட்டேன், அது உனக்குத் தெரியும். எனக்குக் கோபமில்லை.

கடிதத்தைப் படித்துவிட்டு மூன்றாம் ஷெட்டுக்குப் போனேன். என் பழைய சோதனை பெஞ்சில் புதிதாக ஒருவர் இருக்கிறார். எதிரே சுவரில் சோதனைத் தாள் ஒட்டியிருந்தது. மூன்று சோதனை.

"மூக்குக்கு ஏன் மூணுதான் பாக்கறீங்க?" என்று கேட்டேன்.

"உங்க தாள்தானே சார் இது" என்றார் அவர்.

என் தாள்தான். கோடு போட்டது என் கை. பூட்டுச் சோதனை அதில் இல்லை. சமையல் மணிக்கு வேண்டாம் என்று எடுத்தது மூக்குக்கும் வேண்டாமென்று ஆகிவிட்டது. மணி என்ற இடத்தில் மூக்கு என்று மட்டும் மாற்றி மறுபடி அச்சடித்திருக்கிறார்கள்.

மாற்றத்திடம் போனேன், இப்போது மூக்குக்கும் அவர்தான் அதிகாரி. பதினான்கையும் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்றேன். பீரங்கிப் பக்கத்தில் இரண்டு முன்னால் வெடித்ததைச் சொன்னேன். "அறிக்கை வரட்டும்" என்றார். வராது என்றேன். ஒரு நாளைக்கு எண்ணூறு போக வேண்டும், பதினான்கு பார்த்தால் இருநூறுகூடப் போகாது என்று கணக்குக் காட்டினார். அவர் கணக்கு சரிதான். கடைசியில், "உங்களுக்கு அவ்வளவு தோணுச்சுன்னா உங்க பெஞ்சுல நீங்க பதினாலு பாருங்க சார், யாரு வேணாங்கறா? மத்தவங்க மூணு பாக்கட்டும்" என்றார்.

திங்கட்கிழமை பெஞ்சுக்குத் திரும்பிவிட்டேன். புகார்ப் பிரிவைப் பூட்டிச் சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்திருக்கிறேன். யாராவது மணியைக் கொண்டுவந்தால் வாங்கி வைக்கச் சொன்னேன், ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்வேன். நீ இவ்வளவு பாடுபட்டு வாங்கிக் கொடுத்ததை ஒரு மாதத்தில் திருப்பிக் கொடுக்கிறேன், அதற்கு மன்னித்துவிடு.

நான் சரியாகப் பார்த்தால் அது அந்தப் பக்கம் போய் வெடிக்கும். சரியாகப் பார்க்காவிட்டால் மாப்பிள்ளை நிற்கிற பக்கம் வெடிக்கும். ஒன்றும் வெடிக்காமல் மேஜை மேலேயே இருந்த மாதங்கள் முடிந்துவிட்டன. அண்ணி நான் வந்ததும் கை கழுவ வாளியில் தண்ணீர் எடுத்து வாசலிலேயே வைத்துவிடுகிறாள்.

என் ஒருவன் கையால் ஒரு நாளைக்கு அறுபதுதான் முடிகிறது. பெட்டிக்கு இருபது, ஆக மூன்று பெட்டி. மொத்தம் வெளியே போவது நாற்பது பெட்டி. முகாமுக்கு நான் இதை எழுதினால் தணிக்கையில் அடித்துவிடுவார்கள். நீ எழுது, அவர்கள் அடிக்காத மொழி உனக்குத் தெரியும். பெட்டியின் மூடியைத் திறந்தால் உள்பக்கம் இடது மூலையில் ஒரு வட்டம் இருக்கும், அதற்குள் கறுப்பு மையில் நாற்பத்தொன்று. அது என் முத்திரை. அந்தப் பெட்டிகளாகப் பார்த்து நாலாவது பீரங்கிக்கு எடுத்து வைத்துக்கொள்ளச் சொல். பக்கத்துப் பீரங்கிக்காரர்களுக்கு என்ன சொல்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

அன்புடன்,
அண்ணன்